முகடு எந்தப் பக்கம் நின்றது: திருகிய நுண்ணலையால் சுழற்சியை அளக்கப் போன ஓர் ஆய்வகத்தின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

கூரையில் சுற்றும் மின்விசிறிக்கு நேர் கீழே பாய் விரித்துப் படுத்துக்கொண்டு, போக்குவரத்துக் காவலர் பிடிக்கும் வேகமானியை மேல்நோக்கிப் பிடித்தால் அது என்ன காட்டும்? இறக்கையின் நுனி நல்ல வேகத்தில்தான் ஓடுகிறது. ஆனால் நம்மை நெருங்கவும் இல்லை, விட்டு விலகவும் இல்லை. டாப்ளர் விளைவுக்கு வேண்டியது அந்த நெருக்கமும் விலகலும்தான். 10 கிகாஹெர்ட்ஸ் ரேடாரை நோக்கி ஒரு பொருள் விநாடிக்கு 1 மீட்டர் வேகத்தில் வந்தால், திரும்பிவரும் அலை ஏறக்குறைய 67 ஹெர்ட்ஸ் கூடியிருக்கும். அதே பொருள் குறுக்கே ஓடினால் வேகமானி வாய் திறக்காது.

இந்த ஊமைத்தனத்துக்கு மருந்தாகச் சொல்லப்படுவதுதான் திருகிய கற்றை. சாதாரணக் கற்றையின் அலைமுகப்பு தட்டுகளை அடுக்கியது போல் இருக்கும். திருகிய கற்றையின் முகப்போ திருகாணியின் புரி போல அச்சைச் சுற்றிச் சுற்றி முன்னேறும். அச்சை ஒரு முறை சுற்றி வரும்போது அலையின் கட்டம், அதாவது ஏறி இறங்கும் சுழற்சியில் அலை நிற்கும் இடம், ஒரு முழுச் சுற்று மாறினால் அது மோடு 1. இரு முழுச் சுற்று மாறினால் மோடு 2. வலப்புரி, இடப்புரி என்பதற்கேற்ப மிகை, கழித்தல் குறி. ஒரு திருகாணியை எதிலும் செருகாமல் விரல்களுக்கிடையே உருட்டிப் பாருங்கள். ஆணி இருந்த இடத்திலேயே இருக்கும். புரி மட்டும் முன்னேறுவது போலத் தோன்றும். சுழலும் பொருளுக்கும் திருகிய கற்றைக்கும் உள்ள உறவு அதுதான். பொருள் நெருங்காவிட்டாலும், சுழற்சி மட்டுமே அலையின் அதிர்வெண்ணை மாற்றிவிடும். மாற்றத்தின் அளவு எளிய பெருக்கல்: மோடு எண்ணை விநாடிக்கு எத்தனை சுற்று என்பதால் பெருக்க வேண்டும். அலைநீளத்துக்கு இதில் வேலையே இல்லை. முதன்முறை கேட்கும் மாணவர்கள் நம்ப மறுப்பது இந்த இடத்தில்தான்.

ஒளிக்கற்றையில் இத்தகைய திருகு கோண உந்தத்தைச் சுமக்கிறது என்பதை லெய்டனில் லெஸ் ஆலனும் கூட்டாளிகளும் 1992-இல் எடுத்துக்காட்டினார்கள். 1998-இல் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸில் கற்றையையே சுழற்றி இந்த அதிர்வெண் மாற்றத்தை அளந்தார்கள். அதற்கு அவர்கள் பயன்படுத்தியது லேசர் அல்ல, மில்லிமீட்டர் அலை. 2013-இல் கிளாஸ்கோ குழு சுழலும் சொரசொரப்பான பரப்பின் மீது திருகிய லேசரைப் பாய்ச்சிச் சிதறிய ஒளியிலிருந்து சுழல் வேகத்தைப் படித்தது. பிறகு பலரும் நுண்ணலையில் முயன்றார்கள். எங்கள் ஆய்வகமும் அந்த வரிசையில் கடைசியில் போய் நின்றது.

இங்கே எழுதுவது ஆறு மாத முதுநிலைத் திட்டம் ஒன்றின் கதை. செய்தவர் ஒரு மாணவி. உதவிக்கு ஒரு முனைவர் பட்ட ஆய்வாளரும், எங்கள் ஆய்வகத்தில் நெடுநாளாகப் பணிபுரியும் உதவியாளரும் இருந்தார்கள். வழிகாட்டி நான். கீழே வரும் தவறுகளில் பாதிக்கு மேல் என்னுடையவை என்பதால் அவற்றைத் தயங்காமல் எழுத முடிகிறது.

கருவி

எட்டுச் சிறு தட்டை ஆன்டெனாக்களை 4.5 சென்டிமீட்டர் ஆர வட்டத்தில் அமைத்தோம். நடுவில் ஒன்பதாவது ஆன்டெனா, அது திரும்பிவரும் அலையை வாங்குவதற்கு. எட்டுக்கும் ஒரே மூலத்திலிருந்து 10 கிகாஹெர்ட்ஸ் அலை, ஆனால் ஒன்றைவிட அடுத்தது குறிப்பிட்ட கோணம் தாமதமாகப் போகும். மோடு 1-க்கு அந்தத் தாமதம் 45 பாகை, மோடு 2-க்கு 90, மோடு 3-க்கு 135. தாமதத்தைக் கோஆக்சியல் கேபிளின் நீளத்தால் உண்டாக்கினோம். அந்தக் கேபிளுக்குள் அலைநீளம் 21 மில்லிமீட்டர்தான். வெட்டும்போது 1 மில்லிமீட்டர் பிசகினால் 17 பாகை போய்விடும். உதவியாளர் கேபிள்களை அரம் வைத்து ராவிய பொறுமையை மாணவி தன் ஆய்வேட்டில் ஒரு பக்கம் எழுதியிருக்கிறார்.

இலக்காக நான்கு இறக்கை உலோக விசிறி, ஆரம் 15 சென்டிமீட்டர். அதை நேர்மின் மோட்டாரில் பொருத்தி, ஆன்டெனாவுக்கு நேர் எதிரே 60 சென்டிமீட்டர் தொலைவில் வைத்தோம். வேகத்தை ஒளி டேக்கோமீட்டர் சொல்லும். வாங்கிய அலையை மூல அலையோடு மிக்சர் என்னும் மின்சுற்றில் கலந்து, வந்த அதிர்வெண் வேறுபாட்டை லேப்டாப்பின் ஒலி அட்டையில் பதிவு செய்தோம். ஒரே மிக்சர், ஒரே தடம். இந்தச் சிக்கனத்துக்குக் கொடுத்த விலை பின்னால் வரும்.

முதல் கவனிப்பு: 100 ஹெர்ட்ஸ்

மோடு எண் பெரிதாக இருந்தால் மாற்றமும் பெரிதாக இருக்கும் என்று மோடு 4-இல் தொடங்கச் சொன்னேன். இறக்கையும் நான்கு, பொருத்தமாக இருக்கும் என்று வேறு சொல்லிவைத்தேன். மோட்டார் நிமிடத்துக்கு 1500 சுற்று, அதாவது விநாடிக்கு 25. நாலு இருபத்தைந்து நூறு. எந்த அதிர்வெண் எவ்வளவு வலுவாக இருக்கிறது என்று காட்டும் நிறமாலையில் 100 ஹெர்ட்ஸில் ஊசி போல ஒரு முகடு எழுந்து நின்றது. மோட்டார் ஓடாதபோது எடுத்த பதிவில் அது இல்லை. மாணவி படத்தை அச்செடுத்துக் கொண்டுவந்தார். அந்த வார இறுதிக்குள் ஒரு மாநாட்டுக்குச் சுருக்கம் அனுப்ப வேண்டியிருந்தது, அனுப்பினோம்.

அடுத்த வாரம், வேகத்தைக் குறைத்தால் முகடும் கூடவே நகர்கிறதா என்று பார்க்க மோட்டாரை 1200 சுற்றுக்கு இறக்கினார். முகடு 80-க்கு வந்திருக்க வேண்டும். அது 100-ஐ விட்டு அசையவில்லை. 80-இல் சின்னதாக வேறொன்று முளைத்திருந்தது. ஒலி அட்டையின் கடிகாரம் பிசகியிருக்கும் என்று இரண்டு நாள் அதைத் துருவினார். டேக்கோமீட்டரை மாற்றினார். எனக்கும் வேறு எதுவும் தோன்றவில்லை.

மூன்றாம் நாள் மாலை ஆறு மணி இருக்கும். உதவியாளர் அறையைப் பூட்ட வந்தார். எப்போதும் போலக் கதவருகே இருந்து ஆரம்பித்து விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்தார். லேப்டாப்பில் நிறமாலை ஓடிக்கொண்டிருந்தது. மேசைக்கு மேலே இருந்த டியூப் லைட் அணைந்ததும் 100 ஹெர்ட்ஸ் முகடு பொத்தென்று விழுந்தது. அவர் மறுபடி போட்டார். சோக் இரண்டு முறை மினுக்கி விளக்கு பிடித்ததும் முகடும் எழுந்தது.

"சார், உங்கள் கோடு மோட்டாரில் இல்லை, எங்கள் சுவிட்சில் இருக்கிறது" என்றார்.

காரணம் எளிது, தெரிந்திருக்க வேண்டியதும்கூட. டியூப் லைட்டுக்குள் மின்னோட்டம் பாயும்போது வாயு அயனியாகி நுண்ணலையை எதிரொளிக்கும். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் விநாடிக்கு 100 முறை அது கூடிக் குறையும். நுண்ணலை அசைவு உணரிகளை வைத்து வேலை செய்பவர்களுக்கு இது பழைய தொல்லை. மாணவி மோட்டார் ஓடாத பதிவுகளைக் காலை எட்டு மணிக்கு, ஜன்னல் வெளிச்சத்தில் எடுத்திருந்தார். மோட்டார் ஓடிய பதிவுகள் வகுப்பு முடிந்த பிறகு, மாலையில், விளக்குப் போட்டுக்கொண்டு. அதனால் 'மோட்டார் இல்லை' என்ற பதிவு உண்மையில் 'மோட்டாரும் இல்லை, விளக்கும் இல்லை' என்ற பதிவாகிவிட்டது. மோடு எண், இறக்கை எண்ணிக்கை, மின்வாரியத்தின் 50 ஹெர்ட்ஸ் மூன்றும் ஒரே எண்ணில் கூடும்படி வேகத்தைத் தேர்ந்தவன் நான்.

முதல் முடிவு: திரும்பப் பெறுதல்

மாநாட்டுச் சுருக்கத்தைத் திரும்பப் பெற்றோம். மாணவிக்கு அது வருத்தம். 80 ஹெர்ட்ஸில் முளைத்த சிறு முகடாவது உண்மைதானே, அதை வைத்து எழுதிவிடலாமே என்று கேட்டார். அது வேகத்தோடு நகர்ந்தது, விளக்கை அணைத்தாலும் மறையவில்லை. நியாயமான கேள்விதான். ஆய்வாளர் பதில் சொல்லவில்லை. வட்ட அடுக்கைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் எந்தத் திருகும் இல்லாத சாதாரண ஹார்ன் ஆன்டெனாவை வைத்தார். 80 ஹெர்ட்ஸ் முகடு அப்படியே இருந்தது, இன்னும் கொஞ்சம் உயரமாக.

அன்றைக்கு மூவரும் வெகுநேரம் பலகை முன்னால் நின்றோம். அப்போது தெளிந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சுழலும் ஒரு பொருள் சுற்றுக்கு ஒரு முறை தன் பழைய நிலைக்கே வருகிறது. அதிலிருந்து வரும் எந்த எதிரொலியும், கற்றை எதுவானாலும், சுழற்சி வேகத்தின் மடங்குகளில் மட்டுமே முகடு காட்டும். விநாடிக்கு 20 சுற்று என்றால் 20, 40, 60, 80. நான்கு இறக்கை இருந்தால் 80 தூக்கலாகத் தெரியும், அவ்வளவே. திருகிய கற்றை காட்டவேண்டிய மாற்றமும் அதே சுழற்சி வேகத்தின் ஒரு மடங்குதான். ஆக, சரியான எண்ணில் முகடு நிற்பது திருகுக்குச் சாட்சி ஆகாது. விசிறி சுற்றியது என்பதற்கு மட்டுமே சாட்சி. அதை டேக்கோமீட்டரே சொல்லிவிடும்.

அப்படியானால் திருகுக்கு மட்டும் உரிய அடையாளம் என்ன? பக்கம். கற்றையின் புரி சுழலும் திசையிலேயே பொருளும் சுழன்றால் திரும்பிவரும் அலையின் அதிர்வெண் குறையும். எதிர்த்திசையில் சுழன்றால் கூடும். 10 கிகாஹெர்ட்ஸுக்கு மேலேயா, கீழேயா என்பதே கேள்வி. எங்கள் ஒற்றை மிக்சருக்கு அந்தக் கேள்வியே புரியாது. அது மேலே 80-ஐயும் கீழே 80-ஐயும் மடித்து ஒன்றாகவே காட்டும்.

மோடு 4-இலும் ஓர் ஓட்டை இருந்தது. எட்டு ஆன்டெனாவில் மோடு 4 என்றால் அடுத்தடுத்த ஆன்டெனாவுக்கு 180 பாகை வேறுபாடு. 180 முன்னே போனாலும் பின்னே போனாலும் ஒன்றுதான். ஆக எங்கள் கற்றை மிகை 4-உம் கழித்தல் 4-உம் சரிபாதியாகக் கலந்தது. அதற்குத் திருகு திசையே கிடையாது. எட்டு ஆன்டெனாவுக்கு மோடு 3-தான் எல்லை. பாடப் புத்தகத்தில் உள்ள செய்தி. வகுப்பில் நானே நடத்தியிருக்கிறேன்.

மாற்றி அமைத்தவை

மிச்சமிருந்தது மூன்றரை மாதம். இரண்டு மிக்சர்களை வைத்து, மூல அலையை ஒன்றுக்கு நேராகவும் மற்றொன்றுக்கு 90 பாகை தள்ளியும் கொடுத்தோம். ஒலி அட்டையின் இடது தடம் ஒன்றுக்கு, வலது தடம் மற்றதற்கு. இப்போது மேல் பக்கத்தையும் கீழ்ப் பக்கத்தையும் பிரிக்க முடியும். பிரிப்பு சரிதானா என்று பார்க்க மாணவி ஒரு எளிய சோதனை வைத்தார்: ஓர் உலோகத் தட்டை ஆன்டெனாவை நோக்கிக் கையால் மெல்லத் தள்ளுவது, பிறகு இழுப்பது. விநாடிக்கு 10 சென்டிமீட்டர் என்றால் 6.7 ஹெர்ட்ஸ். ஆனால் ஒலி அட்டை 20 ஹெர்ட்ஸுக்குக் கீழே செவிடு. அதற்காகத் தட்டை விநாடிக்கு அரை மீட்டர் வேகத்தில் தள்ளிப் பழக வேண்டியிருந்தது. தள்ளினால் மேல் பக்கம், இழுத்தால் கீழ்ப் பக்கம். அதன்பின் ஒவ்வொரு நாளும் முதல் பதிவு இந்தத் தட்டுத் தள்ளல்தான்.

விசிறியைக் கைவிட்டோம். நான்கு இறக்கையும் ஒன்றுபோல் இருக்கும் இலக்கு, நடு ஆன்டெனாவுக்கு நான்கின் மடங்குகளில் மட்டுமே மாற்றத்தைத் திருப்பித் தரும். மோடு 1, 2, 3 எதற்கும் அதனிடம் விடை இல்லை. எந்தச் சமச்சீரும் இல்லாத இலக்கு வேண்டும். நுண்ணலைக்குத் தெர்மாகோல் ஜன்னல் கண்ணாடி போல, ஊடுருவிப் போய்விடும். அதில் 30 சென்டிமீட்டர் விட்டத் தட்டு வெட்டி, மையத்திலிருந்து விளிம்பு வரை ஒரே ஒரு அலுமினியத் தாள் பட்டையை ஒட்டினோம். மோட்டாரின் உலோக உடலை உறிஞ்சு நுரையால் மூடினோம்.

வேகத்தை நிமிடத்துக்கு 1380 சுற்றாக வைத்தோம். விநாடிக்கு 23. மடங்குகள் 23, 46, 69, 92. எதுவும் 50-லோ 100-லோ மோதாது. மோட்டார் ஓடும் பதிவும் ஓடாத பதிவும் அடுத்தடுத்து, விளக்கணைத்து, ஒரே அமர்வில் எடுக்க வேண்டும் என்பது விதியானது.

பிறகு தட்டின் ஆட்டம். தட்டு முன்னும் பின்னும் 1 மில்லிமீட்டர் ஆடினால் அலை போய்வரும் பாதை 2 மில்லிமீட்டர் மாறும். கட்டத்தில் 24 பாகை. அது 23 ஹெர்ட்ஸில், இரு பக்கமும், நாம் தேடும் முகட்டுக்கு மேலேயே வந்து உட்கார்ந்துகொள்ளும். சாய்வு இன்னும் மோசம். தட்டின் விளிம்பு விநாடிக்கு ஏறக்குறைய 22 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது. அச்சு 1 பாகை சாய்ந்தாலே அதில் ஒரு கூறு ஆன்டெனாவை நோக்கித் திரும்பி, சாதாரண டாப்ளராக 25 ஹெர்ட்ஸ் வரை பரப்பிவிடும். தேடும் மாற்றமே 23-தான். அச்சு நேர்ப்படுத்த மட்டும் இரண்டு வாரம் போனது. தட்டின் நடுவில் சிறு கண்ணாடித் துண்டை ஒட்டி, லேசர் சுட்டியின் புள்ளி சுழலும்போது வட்டம் போடாமல் நிற்கும்வரை திருகுகளை நெருடிக்கொண்டிருந்தார்கள்.

இரண்டாம் சறுக்கல்: மோட்டாரைத் திருப்பியது

மோடு 1-இல் முதல் முறையாக முகடு ஒரு பக்கம் மட்டும் உயர்ந்து நின்றது. கீழ்ப் பக்கம் 23-இல் தூக்கலாக, மேல் பக்கத்தில் அடக்கமாக. உறுதிப்படுத்த மோட்டாரின் இரு கம்பிகளையும் இடம் மாற்றி எதிர்த்திசையில் ஓட்டினார் மாணவி. நிறமாலை கண்ணாடியில் பார்த்தது போல அப்படியே திரும்பியது. கீழே நின்றது மேலே போனது. எனக்கு மகிழ்ச்சி, இதையே முடிவாக எழுதச் சொல்லிவிட்டேன்.

இம்முறையும் கெடுத்தவர் ஆய்வாளர்தான். ஹார்னை மாட்டினார். சாதாரணக் கற்றையிலும் இரு பக்கமும் முற்றிலும் சமமாக இல்லை. ஆட்டமும் சாய்வும் சேர்ந்தால் ஒரு பக்கம் சற்றே கனக்கும். மோட்டாரைத் திருப்பியபோது அந்தச் சிறு ஏற்றத்தாழ்வும் கண்ணாடி போலத் திரும்பியது.

யோசித்தால் திரும்பாமல் இருக்க வழியே இல்லை. எதிரொலி, தட்டு எந்தக் கோணத்தில் நிற்கிறது என்பதை மட்டுமே பொறுத்தது. தட்டைத் திருப்பி ஓட்டுவது பதிவைப் பின்னிருந்து முன்னாக ஓட்டுவதற்குச் சமம். பின்னோக்கி ஓடும் பதிவில் மேல் பக்கமும் கீழ்ப் பக்கமும் இடம் மாறும், காரணம் திருகானாலும் சாய்வானாலும். மோட்டாரைத் திருப்பும் சோதனையில் எதுவுமே தோற்காது. தோற்கவே வாய்ப்பில்லாத சோதனையை நான் உறுதிப்பாடு என்று எழுதச் சொல்லியிருந்தேன்.

மாற்ற வேண்டியது மோட்டாரை அல்ல, கற்றையை. தட்டு, அச்சு, வேகம், சாய்வு எதையும் தொடாமல், வலப்புரியை இடப்புரியாக்க வேண்டும். பக்கம் மாறினால் அது திருகின் வேலை. மாறாமல் நின்றால் அது சாய்வின் வேலை.

திருகை மாற்றிய நாள்

எட்டுக் கேபிள்களையும் வரிசை மாற்றிச் செருகினால் போதும். மாணவி மாற்றினார். முகடு எந்தப் பக்கமும் போகவில்லை. இரு பக்கமும் ஏறக்குறைய சமமாக, குட்டையாக நின்றது. அன்று மாலை ஆய்வகத்தில் பேச்சே இல்லை.

மறுநாள் காலை அவர் என்னிடம் வரவில்லை. அலையின் கட்டத்தை அளக்கும் நெட்வொர்க் அனலைசரை எடுத்து, தட்டு இருந்த இடத்தில் ஒரு சிறு ஆன்டெனாவை வட்டமாக 16 இடங்களில் நிறுத்தி, கற்றையின் கட்டத்தைக் கையால் வரைந்தார். சீராக இறங்க வேண்டிய கோடு இரண்டு இடத்தில் படிக்கட்டில் தடுக்கியது போல முன்னும் பின்னும் போயிருந்தது. மூன்றாம் கேபிளும் ஏழாம் கேபிளும் இடம் மாறியிருந்தன. அவர் திருகை மாற்றவில்லை, குலைத்திருந்தார்.

சரிசெய்து மறுபடி ஓட்டினார். மிகை 1-இல் கீழே நின்ற 23 ஹெர்ட்ஸ் முகடு, கழித்தல் 1-இல் மேலே போய் நின்றது. மோட்டாரை யாரும் தொடவில்லை. ஓங்கிய பக்கத்துக்கும் அடங்கிய பக்கத்துக்கும் ஏறத்தாழ 15 டெசிபல் வேறுபாடு. ஹார்னை மாட்டியபோது இரு பக்கமும் முன்போலவே குட்டையாக, ஏறக்குறைய சமமாக நின்றன. மோடு 2-க்கு கேபிள்களை மாற்றியதும் முகடு 46-க்குத் தாவியது. திருகைத் திருப்பியதும் அதுவும் பக்கம் மாறியது. அங்கே வேறுபாடு பாதியளவுதான். இந்த முறை அச்சுப்படி எடுக்க யாரும் ஓடவில்லை. உதவியாளரைக் கூப்பிட்டு எல்லா விளக்கையும் போட்டு அணைக்கச் சொன்னோம். 100-இல் முகடு எழுந்து விழுந்தது, 46 அசையவில்லை.

மோடு 3 கைகொடுக்கவில்லை. திருகிய கற்றையின் நடுவே குழி. ஆற்றல் ஒரு வளையமாக விரியும். மோடு கூடக் கூட வளையமும் அகலும். எங்கள் அடுக்கின் அளவுக்கு, 60 சென்டிமீட்டர் தொலைவில் மோடு 1-இன் வளைய ஆரம் 12 சென்டிமீட்டர், மோடு 2-க்கு 20, மோடு 3-க்கு 30. தட்டின் ஆரமோ 15. மோடு 1 தட்டின் மேல் விழுந்தது, மோடு 2 ஓரத்தை உரசியது, மோடு 3 தட்டைச் சுற்றிக்கொண்டு போய்ச் சுவரில் அடித்தது. முதல் நாளே இந்தக் கணக்கைப் போட்டிருந்தால் பெரிய மோடின் ஆசை வந்திருக்காது.

அச்சு விலகியபோது

கடைசி மூன்று வாரத்தில் மாணவி தானாகவே ஒன்று செய்தார். நேராக்கப் பாடுபட்ட தட்டை வேண்டுமென்றே பக்கவாட்டில் நகர்த்தினார். 3 சென்டிமீட்டர் நகர்த்தியதும் மோடு 1-இல் 23-உடன் 46-உம் 69-உம் முளைத்தன, ஓங்கிய பக்கத்தின் ஓங்கல் குறைந்தது. 5 சென்டிமீட்டரில் எந்தப் பக்கம் என்று சொல்ல முடியவில்லை. தட்டின் பார்வையில் அச்சு விலகிய கற்றை ஒரே மோடு அல்ல, பல மோடுகளின் கலவை. ஒவ்வொன்றும் தன் பங்குக்கு ஒரு கோடு போட்டுவிடும்.

என்னைக் கேட்டால், திட்டத்தின் மதிப்புள்ள பகுதி இதுதான். பறக்கும் ட்ரோனின் விசிறியையும், தொலைவில் வரும் ஹெலிகாப்டரையும் திருகிய கற்றையால் படித்துவிடலாம் என்று எழுதுபவர்கள் உண்டு. நாங்கள் 60 சென்டிமீட்டரில் ஒரு தெர்மாகோல் தட்டை 3 சென்டிமீட்டர் நகர்த்தியதற்கே தடுமாறினோம். பக்கவாட்டிலிருந்து பார்க்க முடிந்தால் சாதாரண ரேடார் இறக்கையின் வரவையும் போக்கையும் எளிதாகவே படிக்கும். அதற்குத் திருகு தேவையே இல்லை. நேர் எதிரே நின்று, அச்சைப் பிடித்து, எந்தப் பக்கம் சுழல்கிறது என்று அறிய வேண்டிய இடம் மட்டுமே திருகுக்குரியது. அசையாமல் பொருத்திய இயந்திரத்தின் தண்டு அப்படிப்பட்ட இடம். வானம் அப்படிப்பட்டதல்ல.

பின்னர் நடந்ததும், மறுமுறை மாற்றுவதும்

மாணவி ஆய்வேட்டை உரிய நாளில் சமர்ப்பித்தார். 100 ஹெர்ட்ஸ் முகட்டுக்கு அதில் ஓர் அத்தியாயமே உண்டு. வேண்டாம் என்று நான் சொல்லியும் சேர்த்தார். வாய்மொழித் தேர்வில் புறத் தேர்வாளர் அதிக நேரம் கேட்டது அந்த அத்தியாயத்தைத்தான். மாநாட்டுக்கு நாங்கள் அந்த ஆண்டு போகவில்லை.

மறுமுறை செய்தால் முதல் வாரத்திலேயே ஹார்னை மாட்டுவோம். திருகிய கற்றையைக் கட்டி முடிப்பதற்கு முன்பே, திருகில்லாத கற்றை அதே தட்டில் என்னென்ன முகடு காட்டுகிறது என்ற பதிவு கையில் இருக்க வேண்டும். இரு தட வாங்கியைச் சிக்கனம் கருதி ஒத்திப்போட மாட்டோம். அதற்கு ஆன செலவைவிட வீணான இரண்டரை மாதம் பெரிது. கேபிளை வரிசை மாற்றுவதற்குப் பதில் மிகை, கழித்தல் இரண்டுக்கும் தனித்தனிப் பலகை அச்சிட்டு வைப்போம். கையால் செருகும் எட்டு இணைப்பில் எப்போதாவது இரண்டு இடம் மாறத்தான் செய்யும். தட்டின் அளவை வளைய ஆரத்தைக் கணக்கிட்ட பிறகே வெட்டுவோம். ஒலி அட்டைக்குப் பதிலாக 20 ஹெர்ட்ஸுக்கும் வெகு கீழே கேட்கும் பதிவுக் கருவி வேண்டும், மெதுவாகச் சுழலும் தண்டுகளைப் பார்ப்பதற்கு.

இப்போது அடுத்த மாணவர் அதே அடுக்கில் வேலை செய்கிறார். நடுவில் இருந்த ஒற்றை வாங்கியை எடுத்துவிட்டு, எட்டு ஆன்டெனாவையும் வாங்குவதற்கும் பயன்படுத்தி, அச்சு எவ்வளவு விலகியிருக்கிறது என்பதைக் கோடுகளின் பரவலிலிருந்தே கணக்கிட முயல்கிறார். இதுவரை கிடைத்தது பாதி வெற்றி. மேசைக்கு மேலே இருந்த டியூப் லைட்டை உதவியாளர் கழற்றிவிட்டார். சுவிட்ச் மட்டும் அப்படியே இருக்கிறது. அதன் கீழே மாணவியின் கையெழுத்தில் ஒட்டிய சீட்டில் '100 ஹெர்ட்ஸ்' என்று எழுதியிருக்கிறது.